கண்ணாடிக் கதவும் கலைச்செல்வியின் புருவமும்

புடவைக் கடை வேலையில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் என் முழங்காலைப் பார்க்க வேண்டும். என் பெயர் வசந்தா. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ் கேர்ளாகச் சேர்ந்து, கல்யாணப் புடவை மாடியில் ஃப்ளோர் இன்சார்ஜாக உயர்ந்து, பிறகு கீழ்த் தளத்தையும் சேர்த்துப் பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். எங்கள் கடையில் அறுக்கிற மிஷின் கிடையாது, எரிகிற அடுப்பு கிடையாது. இருப்பதெல்லாம் பட்டும் பஞ்சு மெத்தையும்தான். அப்படியிருந்தும் உடம்பில் காயம் இல்லாத நாள் எங்களுக்குக் கிடையாது.

எங்களை எதுவும் வந்து இடிப்பதில்லை. தேமே என்று நின்ற இடத்தில் நிற்கிற சாமான்களில் நாங்களாகவே போய் முட்டிக்கொள்வோம். மேடை, ரேக், கவுண்டர் மூலை, பாதி இறக்கிய ஷட்டர், கடைசியாக ஒரு கண்ணாடிக் கதவு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் புடவை மடிக்கச் சொல்லித் தருகிறார்கள், பில் போடச் சொல்லித் தருகிறார்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

எங்கள் கடையில் கஸ்டமர் மெத்தையில் உட்காருவார்கள். அவர்களுக்கு எதிரே முழங்கால் உயரத்தில் ஒரு மர மேடை. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, புடவையைப் பிரித்துப் போட்டுக் காட்டுவோம். ரேக்கிலிருந்து புடவைகளை எடுத்து வருவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கையையும் நீட்டி அதன்மேல் அடுக்கி, அடுக்கு சரியாமல் இருக்க மேல் புடவையைத் தாடையால் அழுத்திக்கொண்டு நடக்க வேண்டும். அப்படி நடந்தால் கீழே தரை இருப்பதே தெரியாது.

முதல் நாள் அப்படி ஒய்யாரமாக நடந்து வந்து மேடையின் மூலையில் முழங்காலை வைத்து ஒரு இடி இடித்தேன். உயிர் போய் உயிர் வந்தது. அலற வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் தாடை எழும்பும், தாடை எழும்பினால் அடுக்கு சரியும், பட்டுப் புடவை தரையில் விழுந்தால் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே வாயை இறுக்கி மூடிக்கொண்டு கஸ்டமரைப் பார்த்துச் சிரித்தேன். கண்ணில் மட்டும் பொலபொலவென்று தண்ணீர்.

மெத்தையில் இருந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, காட்டறதுக்கு முன்னாடியே உனக்கு அழுக வருது? அப்ப நல்ல பொடவையாத்தான் இருக்கும். அந்த மேல இருக்கறத குடு" என்றார். அதையே வாங்கிக்கொண்டும் போனார். என் முதல் வியாபாரம் இப்படித்தான் நடந்தது.

2. காயத்தின் கலர்

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பெண்கள் ஒருவருக்கொருவர் காயத்தைக் காட்டிக்கொள்வோம். பட்டு விற்கிறவர்கள் இல்லையா, அதற்கும் எங்களிடம் கலர் பெயர்தான். இடித்த அன்று அரக்கு. மறுநாள் கத்திரிப்பூ. அதற்கடுத்து மயில் கழுத்து. பிறகு ஓரமெல்லாம் பச்சை கட்டி நடுவில் எலுமிச்சை மஞ்சள். கடைசியில் சந்தனம், அதோடு தோல் பழைய நிலைக்கு வந்துவிடும்.

"அக்கா, இடுப்புல எப்ப இடிச்சிக்கின? நேத்தா?"

"இது கத்திரிப்பூ இல்லடி, மயில் கழுத்துக்கு வந்துடுச்சு. முந்தா நாளு இடிச்சது."

இப்படிக் கலர் பார்த்துச் சொல்லும் திறமை எங்களுக்குள் கலைச்செல்விக்குத்தான் அதிகம். முசரவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கண் என்றால் அப்படி ஒரு கண். அரக்கில் எத்தனை வகை, மாம்பழ மஞ்சளுக்கும் தாழம்பூ மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம் என்பதையெல்லாம் கஸ்டமர் முகத்துக்குப் பக்கத்தில் புடவையைப் பிடித்த மாத்திரத்தில் சொல்லுவாள். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் பாதிப் பேர் படி ஏறும்போதே "கலைச்செல்வி இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். இன்சார்ஜ் நான் ஒருத்தி நிற்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் அவளை எனக்குப் பிடிக்கும்.

3. கண்ணாடி வந்த கதை

பட்டு வாங்குகிறவர்கள் யாரும் ட்யூப் லைட்டை நம்ப மாட்டார்கள். உள்ளே நீலமாகத் தெரிவது வெளியே பச்சையாகிவிடும். அதனால் புடவை பிடித்துப்போனால் அடுத்த வார்த்தை, "வெளிச்சத்துல காட்டும்மா" என்பதுதான். உடனே நாங்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கு நடப்போம். கஸ்டமரும் பின்னாலேயே வருவார். எல்லார் கண்ணும் புடவையின்மேல் இருக்கும். நடக்கும்போதே கலர் மாறிக்கொண்டு வருமே, அதைப் பார்க்காமல் யாராவது காலடியைப் பார்ப்பார்களா? எத்தனையோ வருஷம் அப்படித்தான் நடந்தோம். வாசல் திறந்த வாசல். முட்டிக்கொள்ள அங்கே எதுவும் கிடையாது.

பிறகு முதலாளியின் மருமகன் கடையைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து வந்தார். கடையில் எல்லாரும் அவரை மாப்பிள்ளை சார் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். ஏசி போட்டார். ஏசி போட்டால் வாசலை மூட வேண்டும். வாசலுக்குத் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி வைத்தார். நடுவில் கண்ணாடிக் கதவு, அதில் பளபளவென்று ஆளுயரத்துக்குச் செங்குத்தாக ஸ்டீல் கைப்பிடி.

"கண்ணாடி இருக்கறதே தெரியக்கூடாது முனுசாமி. அப்படித் தொடைக்கணும்" என்றார். முனுசாமி எங்கள் கடையில் பெருக்கித் துடைக்கிறவர். சொன்ன வேலையைச் சொன்னதற்குமேல் செய்கிற மனுஷன். பழைய நியூஸ் பேப்பரை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து, கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஆக்கிவிட்டார்.

முதலில் முட்டிக்கொண்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடி மாட்டிய ஆளேதான். வேலை முடித்துப் போனவர் டேப்பை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்து, தான் மாட்டிய கண்ணாடியில் தானே நெற்றியை மோதிக்கொண்டார். "சூப்பரா மாட்டிக்கிறேன் சார்" என்று தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக முட்டிக்கொண்டோம். நெற்றி, மூக்கு, மூக்குக் கண்ணாடி எல்லாம் அடிபட்டது. சத்தம் கேட்கும்போதெல்லாம் மாப்பிள்ளை சார் கேஷ் கவுண்டரிலிருந்து தலையைத் தூக்கி ஒரே கேள்விதான் கேட்பார்: "கண்ணு எங்க இருந்துச்சு?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்துகொள்வார். கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று நான் சொன்னேன். "லுக் போயிடும் வசந்தாம்மா" என்றார்.

4. புருவம்

ஆவணி மாத முகூர்த்தக் கூட்டம். தாமலிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் கல்யாணப் பெண்ணோடு வந்திருந்தார்கள். கூட்டம் மாடியில் கொள்ளாமல் கீழே உட்கார வைத்திருந்தோம். பெண்ணின் அம்மாவுக்கு அரக்கு வேண்டும். கையில் இருப்பது அரக்கா, மெரூனா என்று அவர்களுக்குள் பெரிய விவாதம். கலைச்செல்வி, "வாங்க, வெளிச்சத்துல பாத்துடலாம்" என்று புடவையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசல் வெளிச்சம் பட்டதும் அரக்கு அப்படியே பற்றிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே, "பாருங்கம்மா, சுத்தமான அரக்..." என்றவள், ஸ்டீல் கைப்பிடியில் புருவத்தை வைத்து மோதினாள்.

தேங்காய் உடைத்த மாதிரி சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் இடது புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அவள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கையை மட்டும் உடம்பைவிட்டு எட்ட நீட்டிப் புடவையைத் தூரமாகப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பொடவைல படலையே?"

எனக்கு வந்த கோபத்தில் அவளையே ஒரு அறை அறைந்திருப்பேன். "பொடவை கெடக்குதுடி, குடு இங்க" என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தையல் போட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தால் கடையில் வேறு பஞ்சாயத்து. தாமல் குடும்பம் சகுனத்துக்குப் பயந்து எழுந்து போய்விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சார் முகம் கடுகடுவென்று இருந்தது.

"கல்யாண வூட்டுக்காரங்க முன்னாடி ரத்தத்தோட நின்னா யாரு வாங்குவாங்க? கொஞ்ச நாள் குடோன்ல இருக்கட்டும் வசந்தாம்மா."

"சார், அவ வேணும்னா போயி முட்டிக்கினா?"

"கேர்லெஸ்தானே? கண்ணு எங்க இருந்துச்சு? ஒருத்தி முட்டிக்கினான்னா அதுக்குக் கதவு தப்பாம்மா?"

பிளாஸ்டர் பிரித்த பிறகும் கலைச்செல்வி குடோனைவிட்டு வெளியே வரவில்லை. புருவத்தின் நடுவே முடி முளைக்காமல் ஒரு கோடு விழுந்திருந்தது. மங்களகரமான இடத்தில் முகத்தில் தழும்போடு நிற்கக் கூடாது என்று மாப்பிள்ளை சார் நேராகச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றுதான் சொன்னார். சொல்லாதது எல்லாருக்கும் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது.

குடோனில் லேபிள் கட்டுவதும், கேட்ட புடவையை அடுக்கித் தூக்கி வந்து ஃப்ளோர் வாசலில் தொங்கும் திரைவரை கொடுத்துவிட்டுப் போவதும்தான் அவள் வேலை. அந்தக் கண்ணுக்கு லேபிள் கட்டுகிற வேலை.

"தீபாவளிக்கு மேல நான் வரலக்கா" என்றாள் ஒருநாள். "வேலை கஷ்டமா இல்ல. மூஞ்சியக் காட்டாதன்னு உள்ள வச்சிட்டாங்க பாரு, அதான் தாங்கல. எங்கூருல டெய்லர் கடைல கூப்புடறாங்க, போயிடறேன்."

"அதுக்குள்ள உன்ன வெளிய கொண்டாரேன்டி" என்று வாயை விட்டுவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

5. ஆயுத பூஜை

பூஜைக்குக் கடையைக் கழுவி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். பில் மிஷின், ஷட்டர், தராசு, ஏசி என்று ஒன்றையும் விடவில்லை. முனுசாமி விபூதியைக் குழைத்து, கண்ணாடிக் கதவின் குறுக்கே மூன்று விரலால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஒரு பட்டை போட்டார். நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

மறுநாளிலிருந்து ஒருத்தரும் முட்டிக்கொள்ளவில்லை. புடவையைப் பார்த்துக்கொண்டே வேகமாக வருகிறவர்கள் பட்டை கண்ணில் பட்டதும் தானாக நின்றார்கள்.

"சாமிக்கு பயந்து நிக்கிறாங்கமா" என்றார் முனுசாமி.

"கதவு இருக்கறது இப்பத்தான்யா தெரியுது" என்றேன் நான். உடனே போய் மாப்பிள்ளை சாரிடம், பட்டை அப்படியே இருக்கட்டும் என்று கேட்டேன். அவரும் என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

ஆனால் இது காஞ்சிபுரம். எங்கள் கேஷியர் பெருமாள் பக்தர். "கடைக்கி வர்றவங்க எல்லாரும் பட்டை போடறவங்களா? பெருமாள் கோயில் பக்கத்து ஜனங்க வாங்கறதில்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு நாமமும் போட்டோம். எங்கள் ஊரில் நாமம் போட்டால் அடுத்த கேள்வி, எந்த நாமம் என்பதுதான். அன்று சாயங்காலமே ஒரு பெரியவர் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்னொரு பெரியவர் அதற்குப் பதில் சொன்னார். இருவரும் புடவை வாங்க வந்ததையே மறந்துவிட்டார்கள். அவர்கள் மனைவிமார்கள் இரண்டு பேரும் மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் புடவை பார்த்தார்கள்.

மாப்பிள்ளை சாருக்குத் தலை சுற்றிவிட்டது. "முனுசாமி, எல்லாத்தையும் தொடைச்சிடு. பட்டையும் வேணாம், நாமமும் வேணாம், எந்த வம்பும் வேணாம்" என்றார். முனுசாமியும் துடைத்தார். வழக்கம்போலச் சொன்னதற்குமேல் துடைத்தார்.

6. மயில் கழுத்து

ஐப்பசியில் தீபாவளி நெருங்கியது. கலைச்செல்வி சொன்ன கெடுவும் நெருங்கியது. அப்போது வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு அம்மா புடவை எடுக்க வந்தார். கல்யாணப் பெண் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், வீடியோ காலில் பார்ப்பாள். பெரிய ஆர்டர் என்பதால் மாப்பிள்ளை சாரே மேடைக்கு வந்து காட்டினார்.

பெண் கேட்டது மயில் கழுத்து. அந்தக் கலர்தான் இருப்பதிலேயே வம்பு பிடித்தது. ஊடும் பாவும் வேறு வேறு நிறம், அசைத்தால் பச்சை, நிறுத்தினால் நீலம். போனில் பெண், "அங்கிள், அது ப்ளூவாதான் தெரியுது. நான் க்ரீன் கேட்டேன்" என்று சிணுங்கினாள்.

"இரும்மா, வெளிச்சத்துல காட்றேன்."

புடவையைத் தோளில் போட்டு, முந்தானையை ஒரு கையால் விரித்துப் பிடித்து, இன்னொரு கையில் போனை நீட்டிக்கொண்டு மாப்பிள்ளை சார் வாசலைப் பார்த்து நடந்தார். பார்க்க ஏதோ அம்மன் வேஷம் கட்டிய மாதிரி இருந்தது. நான் மேடைக்குப் பின்னால் ரேக் பக்கம் திரும்பி அடுத்த புடவையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பாரும்மா, மாறுது பாரு... இப்ப பச்சை..."

"சார்! கண்ணாடி!"

அலறியது கலைச்செல்வி. தோளால் திரையை விலக்கிக்கொண்டு, கையில் அடுக்கோடு வந்தவள். நான் திரும்பும்போது மாப்பிள்ளை சார் நின்றுவிட்டிருந்தார். மூக்கு நுனி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அவர் விட்ட மூச்சு கண்ணாடியில் வெள்ளையாக வட்டம் கட்டியது. ஸ்டீல் கைப்பிடி அவர் புருவத்துக்குப் பக்கவாட்டில், ஒரு விரல் தள்ளி நின்றது.

கலைச்செல்வியின் காலடியில் அத்தனை புடவைகளும் சிதறிக் கிடந்தன. கத்துவதற்குத் தாடையைத் தூக்கினாளே, அடுக்கு அப்படியே சரிந்துவிட்டது.

முதலில் பேசியது வாலாஜாபாத் அம்மாதான். "ஏம்ப்பா, இம்மாம் பெரிய கதவு நின்னுக்கினு இருக்குது. கண்ண எங்க வச்சிக்கினு போற?"

"பொடவை மேலதாம்மா இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை சார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. அதற்குள் போன், "அங்கிள், அப்படியே நில்லுங்க! க்ரீன் சூப்பரா தெரியுது! இதான் வேணும்!" என்று குதித்தது.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கலைச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து புடவைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிடுங்க சார், கீழ போட்டுட்டேன். தரை சுத்தமாத்தான் சார் இருக்குது."

மாப்பிள்ளை சார் போனை என்னிடம் கொடுத்தார். தோளில் மயில் கழுத்தோடு அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவரும் ஒவ்வொரு புடவையாக எடுத்து அடுக்கினார். பிறகு அவள் புருவத்தைப் பார்த்தார். ஆவணியிலிருந்து அதை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"வலிச்சுதாம்மா?"

"இப்ப இல்ல சார்."

"அன்னிக்கு?"

அவள் தலை நிமிரவில்லை. "அன்னிக்கு ரொம்ப வலிச்சுது சார்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். தையல் போட்டபோதுகூட அழாத பெண்.

மாப்பிள்ளை சார் தோளிலிருந்த புடவையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "கண்ணத் தொடைச்சிக்கினு வா. இத மேடத்துக்கு நீயே காட்டு. குடோனுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

வாலாஜாபாத் அம்மா மெத்தையில் நகர்ந்து இடம்விட்டு, "வாம்மா, இங்க வந்து குந்து. இவுருக்கு பச்சையும் தெரியல, கதவும் தெரியல" என்றார். அன்று அந்த வீட்டுக்கு முகூர்த்தப் புடவையிலிருந்து சம்பந்தி வீட்டுப் புடவைவரை எல்லாவற்றையும் கலைச்செல்விதான் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் டீ குடிக்கக் கூப்பிட்டேன். "அப்புறம் வரேங்க்கா" என்று கையை ஆட்டினாள். தீபாவளிக்குப் பிறகும் முசரவாக்கம் டெய்லர் கடைக்கு அவள் போகவில்லை.

இப்போது கடையின் பக்கச் சுவரில் பெரிய ஜன்னல் திறந்து, அதற்குக் கீழே ஒரு மெத்தை போட்டிருக்கிறார்கள். கலர் பார்க்கிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். கண்ணாடிக் கதவின் குறுக்கே, புடவை பார்டரில் போடுகிற மாங்காய் வரிசையை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார்கள். மாங்காயைப் பற்றி இதுவரை எந்தப் பெரியவரும் கேள்வி கேட்கவில்லை. லுக் போகவும் இல்லை.

கடை வேலைக்கு வருகிறவர்களுக்கும், அவர்களை வேலை வாங்குகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். யாராவது எதிலாவது முட்டிக்கொண்டால், கண் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். கண் வேலையில்தான் இருந்திருக்கும், அதற்குத்தான் சம்பளம். முட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அதற்கும் முன்னால், வலிக்கிறதா என்று கேளுங்கள். மாப்பிள்ளை சார் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஆவணியிலிருந்து ஐப்பசிவரை ஆயிற்று. நீங்கள் உடனே கேட்டுவிடுங்கள்.